பதினேழாம் கட்டம்

திங்கட்கிழமை.
ஆற்றின்மேல் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
தார்த்து நகரத்துத் தோல் மருத்துவமனையில்
ஹெலேரி சட்டையைக் கழற்றி
எனக்கு முதுகு காட்டி உட்காருகிறாள்.
பத்தொன்பது வருடமாக ஊரார் தலையை அலசிய கைகள்
மடியில், ஒன்றின்மேல் ஒன்று,
வெந்த பீட்ரூட் நிறத்தில்.

கூடவே ஒரு துணிப்பை.
அதற்குள் அவள் பிடித்து வந்த குற்றவாளிகள்:
எட்டு கண்டிஷனர் புட்டிகள்,
பென்சிலால் அடிக்கோடிட்ட லேபிள்கள்.

"இதைப் பார், ஆல்கஹால்.
முடிக்குச் சாராயம் ஊற்றுகிறார்கள்."
அது சாராயம் இல்லை, ஹெலேரி.
பெயரில்தான் போதை; ஆளைப் பார்த்தால் மெழுகு.
தண்ணீரும் எண்ணெயும் சண்டையிட்டுப் பிரியாமல்
நடுவில் நிற்பது அதுதான்.

"இது? வாயில் நுழையவில்லை."
பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு.
நானும் இரண்டு முறை தடுக்கி
மூன்றாம் முறை சொல்லிவிட்டேன்.
ஈரமுடி எதிர்மின், இது நேர்மின்.
ஒட்டிக்கொள்ளும். அலசினாலும் கொஞ்சம் போகாது.
அந்தக் கொஞ்சத்தில்தான் சீப்பு வழுக்குகிறது.
தனியாக, அடர்த்தியாக இருந்தால் கண்ணைப் புண்ணாக்கும்.
புட்டியில் இருப்பது அவ்வளவில்லை.
எவ்வளவு என்பதைத்தான்
லேபிளில் யாரும் அச்சடிப்பதில்லை.

"உனக்குப் பயமே இல்லையா?"
இருக்கிறது. கடைசி வரிகளில்.
தண்ணீரில் தொடங்கி
அதிகம், குறைவு என்று இறங்கிவரும் வரிசை
ஒரு சதவீதத்துக்குக் கீழே கலைந்துபோகும்.
அங்கே குடியிருக்கிறார்கள் காவல்காரர்கள்.
அவர்கள் இல்லையென்றால்
ஈரக் குளியலறையில் புட்டி ஒரு குட்டிச் சேற்றுக்குளம்.
இருந்தாலோ, சிலருடைய தோல்
காவல்காரனையே திருடனென்று கத்தும்.
பக்கத்திலேயே 'வாசனை' என்று ஒற்றைச் சொல்.
அதற்குள் ஒரு திருவிழாக் கூட்டம்.

பொட்டு அளவுக் கிண்ணங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு துளி சந்தேகம்.
முதுகில் ஒட்டி, பேனாவால் எண்ணிடுகிறேன்.
வெள்ளி வரை நனையக்கூடாது.
"தலை அலசுகிறவளிடம் தண்ணீர் தொடாதே என்கிறாய்"
என்று சிரிக்கிறாள்;
முப்பதாம் எண் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

புதன். ஒட்டியதை உரித்தோம்.
பிளாஸ்திரி இழுத்த சிவப்பு தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.
நீளப்பெயர்க் காவல்காரன் கட்டம் வெறும் தோல்.
அவளுக்கு ஏமாற்றம்.

வெள்ளி.
பதினேழில் ஒரு தடிப்பு,
அதன்மேல் கடுகு கடுகாய்க் கொப்புளம்.
டாக்டர் வாஹ்ட்ரா விரலால் தடவிப் பார்த்து
பட்டியலைப் புரட்டினார்:
லினலூல், காற்றுப்பட்டது.
"அப்படியென்றால்?"
லாவெண்டரில் இருப்பது, என்றேன்.

ஹெலேரி வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சொன்னாள்.
கை சிவப்பதற்கு முன்பே, இலையுதிர் காலத்தில்,
புட்டிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டாளாம்.
சாரெமா தீவில் நாத்தனார் தோட்டத்து லாவெண்டர்,
அதில் இறக்கிய தைலம்,
ஆளிவிதைக் கஞ்சியில் கலந்து
கடை ஜன்னலோரம் ஒரு பெரிய ஜாடி.
மூடி சரியாகப் பொருந்தாது.
'ரசாயனம் அற்றது' என்று அவளே எழுதி ஒட்டியது.
அதற்கு இரண்டு யூரோ கூடுதல்.

பூவின்மேல் தப்பில்லை.
காற்றின்மேலும் தப்பில்லை.
இரண்டையும் மாதக்கணக்கில்
ஒரே ஜாடியில் தனியே விட்டிருக்க வேண்டாம்.
இதை நான் சொல்லவில்லை.
அவள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

எட்டு லேபிள்களையும் மறுபடி படித்தோம்,
இம்முறை ஒரே ஒரு சொல்லைத் தேடி.
மூன்று புட்டிகள் பைக்குத் திரும்பின.
ஐந்தை என் மேசையில் வைத்து,
"நீ தேய்த்துக்கொள், உன் முடி வைக்கோல்" என்றாள்.

அன்றிரவு குளியலறையில்
பச்சைப் புட்டியை விளக்குக்கு நேரே பிடித்து
கடைசி வரிவரை படித்தேன்.
பெயரெல்லாம் தெரிந்த பெயர்கள்.
என் முதுகை மட்டும்
இன்னும் யாரும் எண்ணிட்டுப் பார்த்ததில்லை.